நூற்றுக்கு மேல் ஒரு சிட்டிகை

சரக்கை இறக்காமல் திரும்பி வருகிற லாரிக்கு என்று ஒரு சத்தம் இருக்கிறது. காலியாக வரும்போது கடகடவென்று குதித்துக்கொண்டு வரும். பாரத்தோடு திரும்பி வரும்போது, பரீட்சையில் தோற்ற பிள்ளை வீட்டுக்கு வருகிற மாதிரி, சுவரோரமாக முனகிக்கொண்டு வரும். அன்றைக்குப் பதினொரு மணிக்கு அந்த முனகலை நான் மாடியில் இருந்தே கேட்டேன். தபாலாபீசில் முப்பத்து மூன்று வருஷம் கடிதம் பிரித்த காது இது. மூட்டை விழுகிற சத்தத்திலேயே எந்த ஊர்த் தபால் என்று சொல்லிவிடும். (சொல்லாது. ஆனால் சொல்லும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.)

செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினேன்.

கீழே பட்டறை. அதற்குப் பின்னால் வீடு. மாடியில் குடியிருப்பவன் நான். பட்டறைக்காரரை ஊரே சுருள்காரர் என்றுதான் கூப்பிடும். கம்பியைச் சுருளாக்கி ஸ்பிரிங் செய்கிறவர். அவர் செய்வதில் முக்கால்வாசி ஒரே ஒரு ஸ்பிரிங்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, எடை இரண்டு கிராம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூட்டுக் கம்பெனியில், ஒவ்வொரு பூட்டின் வயிற்றுக்குள்ளும் ஒன்று போய் உட்காரும். பட்டறையில் அதற்குப் பெயர் ‘பொடியன்’.

லாரிக்காரர் இறங்கினார். ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போவதால் அவர் பெயரே ஹாரன்காரர். அன்று ஹாரனில் கை வைக்கவே இல்லை.

“மொதலாளி, கேட்டு தொறக்கல.”

“ஏன், வாட்ச்மேன் தூங்கிட்டானா?”

“வாட்ச்மேனே இல்ல. அவன் இருந்த எடத்துல ஒரு தராசும் ஒரு கண்ணாடிக் கண்ணும் வெச்சிருக்கான். பெட்டியத் தராசுல வெச்சா அந்தக் கண்ணு சீட்டைப் படிக்குது. படிச்சிட்டு, ‘சொன்ன எடை வேற, வந்த எடை வேற’ன்னு செவப்பு வெளக்கப் போட்டுச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

“யார்கிட்ட?”

“தராசுகிட்டதான். வேற யாரு இருக்கா அங்க?”

வீட்டுக்காரம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். சுருள்காரரின் மனைவி. எனக்கு அவர்தான் வாடகைச் சீட்டு எழுதித் தருபவர் என்பதால் நான் வீட்டுக்காரம்மா என்கிறேன். அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடத் தைரியமுள்ள ஒரே ஆள். அது சாப்பாட்டு மேஜையில், ரொட்டிக் கூடைக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

“பெட்டிக்கு எவ்வளவு கூட இருந்துச்சாம்?” என்று கேட்டார்.

“நானூறு கிராம்.”

வீட்டுக்காரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். சுருள்காரர் லாரியின் டயரைப் பார்த்தார். டயரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

விஷயம் இதுதான். பூட்டுக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் அறுபது பேர். கம்பி ஆலை, அட்டைப்பெட்டிக்காரர், சாவி வெட்டுகிறவர், லாரிக்காரர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பாஷை. நம் பொடியனையே எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கம்பெனிக் காகிதத்தில் அவன் ‘நாக்கு ஸ்பிரிங், சிறியது.’ கம்பி ஆலைக்கு அவன் ‘முக்கால் மில்லிக்காரன்.’ லாரிச் சீட்டில் ‘இரும்புச் சாமான், பெட்டி இருபது.’ ஆலை சுருள் கணக்கில் அனுப்பும், பட்டறை கிலோவில் வாங்கும், பொட்டலத்தில் விற்கும், கம்பெனி எண்ணிக்கையில் எழுதும். ஒரு தடவை இருபது பெட்டி கேட்டதற்கு இருபது பொட்டலம் போய், பூட்டுகள் எல்லாம் மூன்று நாள் நாக்கில்லாமல் கிடந்தன. இந்தக் கூத்து போதும் என்று கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. இனி எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே அளவு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே எண். ஆர்டர் கம்ப்யூட்டரில் வரும், பதிலும் கம்ப்யூட்டரில் போகும். லாரி கிளம்பும் முன்பே, என்ன வருகிறது, எத்தனை வருகிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சொன்னதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் கேட்டு திறக்கும். தராசுக்கு மன்னிக்கிற குணம் ஐம்பது கிராம்தான். மூன்று தடவை தப்பினால் அந்தப் பெயரை அதுவே மூடிவிடும். மறுபடி திறக்க ஆறு மாதம்.

ஆறு மாதம் பொடியனை வாங்க ஆளில்லை என்றால் பட்டறையில் எண்ணெய்கூட மிஞ்சாது. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். வீட்டுக்குள் மூன்று வாய்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. எண் போடாத கடிதம் என்ன பாடுபடும் என்று பிரித்தவனுக்குத் தெரியும். ஆனால் சுருள்காரருக்கு முதல் நாளே பற்றிக்கொண்டு வந்தது.

“இருபத்தாறு வருஷமா பொடியன்னு கூப்பிட்டா திரும்பிப் பாத்த சாமான் சார். இனிமே பதிமூணு நம்பரச் சொல்லித்தான் கூப்பிடணுமாம். என் பொண்டாட்டி பொறந்த தேதியே எனக்கு ஞாபகம் இல்ல!”

“அது எனக்கு நல்லாவே தெரியும்,” என்றது சமையலறை.

ஆனால் எண் அல்ல இப்போது பிரச்சினை. சிட்டிகைதான் பிரச்சினை.

சுருள்காரர் எண்ணுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தகரத் தட்டில் இருந்து ஐந்தைந்தாக அள்ளுவார். அதற்குப் பெயர் ‘ஒரு கை.’ இருபது கை நூறு. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் ஐந்துதான் வரும். நூறு ஆனதும் பொட்டலத்தை மூடமாட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் குவித்து, திருநீறு எடுக்கிற மாதிரி பவ்யமாக ஒரு சிட்டிகை எடுத்து மேலே போடுவார். மூன்று வரும், நான்கு வரும், சில சமயம் ஐந்தும் வரும். பிறகுதான் பொட்டலம் மூடும்.

தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பொட்டலத்தில் ஒன்றே ஒன்று குறைந்துவிட்டதாம். கம்பெனி ஸ்டோரில் பத்துப் பேர் முன்னால் அவரை நிற்க வைத்து, “எண்ணத் தெரியாதா, இல்ல எண்ண மனசு வரலயா?” என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து சிட்டிகை.

“கொறஞ்சா திருட்டு, கூடினா மரியாதை” என்பார். இதை அவர் என்னிடம் மட்டுமே நாற்பதாயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

“பெட்டிக்கு அம்பது பொட்டலம். பொட்டலத்துக்கு உங்க மரியாதை நாலு. நாலு அம்பது எரநூறு. எரநூறு பொடியன் நானூறு கிராம்,” என்றார் வீட்டுக்காரம்மா. கரண்டியில் இருந்து பீன்ஸ் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. “உங்க மரியாதையத் தராசுல நிறுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. போதுமா?”

“கூடக் குடுத்தா வேணாம்னு சொல்ற கடைய நீ எங்கயாவது பாத்திருக்கியா? சார், நீங்க சொல்லுங்க.”

நான் ஏன் சொல்லப் போகிறேன்? இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பதைப் போன்ற சுகம் ஓய்வூதியத்தில்கூட இல்லை.

“செய்தியிலயே நூத்திநாலுன்னு அனுப்பிடேன். தீந்தது தொல்லை,” என்றார் சுருள்காரர்.

“அவங்க கேட்டது நூறு. நூத்திநாலுன்னு போட்டா ‘கேக்காததை ஏன் அனுப்புற’ன்னு கம்ப்யூட்டர் கேக்குது. அதுவும் போகட்டும். நாலுதான் விழும்னு உங்களுக்கே தெரியுமா? கோவமா இருந்தா மூணு, சந்தோஷமா இருந்தா அஞ்சு. உங்க மனசு எப்ப எப்படி இருக்கும்னு நான் அந்தப் படிவத்துல எந்தக் கட்டத்துல எழுத?”

பொதுவாகவே மழை நாளில் அவர் மனசு மூன்றுதான்; இந்த லோடு மழைக்கு முன்னால் கட்டியது.

அப்போது மழை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பட்டறைத் தகரக் கூரையில் ஓயாமல் கொட்டியது. கம்பி துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்த் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கைச் சுட்டு எடுக்கிற அடுப்புப் பக்கத்தில் மட்டும்தான் ஈரமில்லாத காற்று. பட்டறை ஆட்கள் சட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் அங்கேயே காயப்போட்டார்கள். சூடான இரும்பு வாசனையும் சாக்ஸ் வாசனையும் சேர்ந்து மாடிப்படி வரைக்கும் வரும்.

இருபது பெட்டியையும் பிரித்து, ஆயிரம் பொட்டலத்தையும் திறந்து, சிட்டிகையைப் பொறுக்கி எடுத்து மறுபடி கட்ட வேண்டும். எண்ணும் மேஜையில் சுருள்காரரின் அக்காவும் உட்கார்ந்தார். தம்பி வீட்டோடு இருப்பவர், வாய் பேசாதவர். பேசாதவர் என்றால் வேலை நேரத்தில் பேசாதவர். மற்ற நேரத்தில் வானொலிக்கே விளம்பர இடைவேளை விடமாட்டார். எண்ணும் வேகத்தில் தம்பிக்கே குரு.

“அண்ணி, நல்லாக் கேட்டுக்குங்க,” என்றார் வீட்டுக்காரம்மா. “பொட்டலத்துக்கு நூறு. சரியா நூறு.”

“நூறுதானே? தெரியும் போ. நீ போய் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தட்டு.”

இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரம்மா தானே தராசை வைத்து ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்தார். பெட்டியும் காகிதமும் சேர்த்துப் பத்துக் கிலோ அறுநூறு. இருபதும் சரி. செய்தியை அனுப்ப உள்ளே போனார். கம்ப்யூட்டர் திறக்க அரை மணி, அது யோசிக்க அரை மணி. வெளியே வந்தபோது பெட்டிகள் ஒட்டுத்தாள் போட்டு லாரியில் ஏறியிருந்தன.

மதியம் அதே முனகல்.

ஹாரன்காரர் இந்தத் தடவை இறங்கவே இல்லை. ஜன்னலில் இருந்தே சொன்னார். “ஏழாவது பெட்டி. மொத ஆறுக்கும் பச்ச வெளக்கு. நான்கூட விசில் அடிச்சேன் மொதலாளி. ஏழாவதுல செவப்பு. ஒண்ணு செவந்தா மொத்த லோடும் வெளிய.”

வீட்டுக்காரம்மா ஏழாவது பெட்டியைக் கிழித்தார். ஒரு பொட்டலத்தைக் கொட்டி எண்ணினார். நூற்று நான்கு.

“ஏங்க!”

“என் மேல சத்தியமா நான் தொடல! வேணும்னா சாரக் கேளு. என்னை ரெண்டு நாளா அடுப்படியிலதான் நிக்க வெச்சிருந்த!”

எல்லோரும் மெதுவாக எண்ணும் மேஜைப் பக்கம் திரும்பினோம். அக்கா அவித்த முட்டை ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க? ஒட்டுத்தாள் போடறதுக்கு முன்னாடி பாத்தேன், ஒரு பொட்டலத்துலயும் சிட்டிகை இல்ல. கடைசியில தம்பி வந்து போடுவான்னு இருந்தேன்; பாவம், மனசு சரியில்லாம மறந்துட்டான்னு நெனச்சேன். லாரி வேற அவசரப்படுத்துச்சு. நாலு பெட்டிக்குத்தான் போட முடிஞ்சது.”

“அண்ணி! நான் சரியா நூறுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. நானும் நூறுதானே போட்டேன்?”

“இது நூத்திநாலு!”

“அதான் நூறு,” என்றார் அக்கா, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிற முகத்தோடு. “நம்ம வீட்டு நூறு.”

அன்றைக்கு வீட்டுக்காரம்மா தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை என்பது உலக அதிசயங்களில் ஒன்று. அதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் ஆள் இருப்பதே தெரியாதது மாதிரிப் பேசினார்.

“அறுபது பேர் சேந்து, நூறுன்னா நூறுன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. கம்பி ஆலை போட்டிருக்கு. அட்டைப்பெட்டிக்காரன் போட்டிருக்கான். இந்த ஒரு வீட்டுல மட்டும் நூறுன்னா நூத்திநாலு. மழைன்னா நூத்திமூணு. ரெண்டு தடவை போச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா நம்ம பேர் இருக்கிற எடத்துல கோடு போட்டுடும். அப்பறம் ரெண்டு பேரும் சிட்டிகை சிட்டிகையா எடுத்துச் சாப்பிடுங்க.”

அக்கா முட்டையைக்கூட வாயில் வைக்கவில்லை.

மூன்றாவது லோடு போன விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டிய அளவுக்குத்தான் சொல்கிறேன். மழையில் அட்டைப்பெட்டி ஈரம் குடித்தால் எடை ஏறும் என்று வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பயம் வந்தது. அதனால் இருபது பெட்டியும் படுக்கையறையில் கட்டில் மேல் ஏறின. கம்பளி போர்த்திக்கொண்டன. குடும்பம் கூடத்துத் தரைக்கு வந்தது. பொட்டலம் கட்டும்போது சுருள்காரர் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டார், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு பொட்டலமும் நூறில் மூடப்படும்போது அவர் தோள் ஒரு தடவை துடிக்கும். ஆயிரம் பொட்டலம், ஆயிரம் துடிப்பு. நான் எண்ணினேன்.

“சொட்டையா இருக்கு சார். வெறும் நூறு. பாக்கவே சொட்டையா இருக்கு,” என்று மட்டும் முனகினார்.

லாரி இரண்டு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு போனது. பன்னிரண்டு மணி ஆயிற்று. அடுப்பில் வைத்த டீ மூன்று தடவை பொங்கி அணைந்தது. பட்டறையில் மெஷின் ஓடவில்லை. அக்கா வானொலியைத் திறக்கவில்லை. ஒரு மணிக்கு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே ஹாரன் கேட்டது. தெருமுனை வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தார் மனிதர். காலி லாரி கடகடவென்று குதித்தது.

“இருபதும் பச்ச! மொதலாளிம்மா, இருபதும் பச்ச!”

வீட்டுக்காரம்மா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். சுருள்காரர் எழுந்து போய், துக்க வீட்டுக்காரர் மாதிரி மெஷினைப் போட்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

லோடு போன பன்னிரண்டாம் நாள் காலை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்ததும் கத்தி மேஜையில் விழுந்தது. பூட்டுக் கம்பெனியில் இருந்து ஒரு செய்தி. மனிதக் கை படாமல் அதுவாகவே வந்த செய்தி.

வந்த ஸ்பிரிங் ஒரு லட்சம். ஆன பூட்டு தொண்ணூற்றேழாயிரம். மூவாயிரம் குறைவு. விளக்கம் தேவை. ஏழு நாளில் ஒப்புக்கொள்ளத்தக்க விளக்கம் இல்லை என்றால் மூன்றாவது தவறாகப் பதியப்படும்.

சுருள்காரர் திரைக்கு முன்னால் நின்றார். எழுத்துக் கூட்டி ஒரு தடவை, கூட்டாமல் ஒரு தடவை படித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். இதுவரை நான் சிரித்துக்கொண்டே பார்த்த ஆள். அன்று சிரிப்பு வரவில்லை.

“கொறைவாம்,” என்றார். “என்னை. மூவாயிரம் கொறைவாம்.” பிறகு மனைவி பக்கம் திரும்பினார். “கூடப் போனா கதவச் சாத்துறான். சரியாப் போனா திருடன்ங்கறான். இருபத்தாறு வருஷம் எவனும் கேக்காத வார்த்தைய உன் பொட்டி கேக்குது பாரு. இதுக்குத்தான் நான் கைய தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேனா?”

“கொஞ்சம் சும்மா இருங்க.”

“சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு! அன்னைக்குச் சிட்டிகை போட்டிருந்தா…”

“சிட்டிகை போட்டிருந்தா இன்னைக்குப் பேரே இருந்திருக்காது! ஸ்டோருக்குப் போனப் போடுங்க. நான் பேசறேன்.”

பூட்டுக் கம்பெனியில் ஸ்டோர்காரர் ஒருவர் இன்னும் மிச்சம் இருந்தார். அந்தக் காலத்தில் சுருள்காரரைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்தவர்தான். பிற்பாடு சிநேகிதர் ஆகிவிட்டார். போனை மேஜையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்கள்.

“அண்ணே, நான் என்னத்தப் பண்றது?” என்றார் ஸ்டோர்காரர். “முன்னல்லாம் பொடியன் பத்தலன்னு பேச்சே வந்ததில்ல. இப்ப நூறு பூட்டுக்கு மூணு பூட்டு நாக்கில்லாம நிக்குது. லைன்ல என்னைப் போட்டுக் காய்ச்சுறாங்க. நீங்க எண்ணும்போது கை கொஞ்சம் தவறியிருக்கும், ஒத்துக்குங்க, நான் பேசி…”

“அவர் எண்ணல,” என்றார் வீட்டுக்காரம்மா. “உங்க தராசு எண்ணுச்சு. கேட்டுல இருபது பெட்டியையும் நிறுத்து, இருபது தடவை பச்ச வெளக்கு போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் எடை எழுதி எனக்குச் செய்தி அனுப்பியிருக்கு. படிக்கட்டுமா? ஒண்ணாவது பெட்டி பத்து அறுநூத்திரெண்டு. ரெண்டாவது பத்து ஐநூத்தித் தொண்ணூத்தி எட்டு…”

“அம்மா, அம்மா, இருங்க…”

“எதுக்கு இருக்கணும்? நூறுன்னா நூறுன்னு எங்க வீட்டுல ரெண்டு பேருக்குப் புரிய வைக்க என் பாதி உசிரு போச்சு. எங்க நூறு உங்க கேட்டைத் தாண்டி உள்ள வந்திருக்கு. அதுக்கு உங்க தராசே சாட்சி. உள்ள வந்தப்பறம் காணாமப் போனது எங்க நூறு இல்ல, உங்க நூறு. வீட்டுக்குள்ள தேடுங்க.”

எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. அக்கா என்னை முந்திக்கொண்டு மேஜையைத் தட்டினார். உப்பு ஜாடி விழுந்தது.

“தேடறதுன்னா எங்க தேட?” என்றது போன், ரொம்பச் சின்னக் குரலில்.

பதில் சொன்னது சுருள்காரர். அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர், திரும்பாமலே சொன்னார்.

“பெஞ்சுக்கு அடியில பெருக்கச் சொல்லுங்க.”

“என்னண்ணே?”

“பொடியன் துள்ளுவான். அமுக்கிப் பிடிச்சாத்தான் உக்காருவான். கை கொஞ்சம் அசந்தா விர்ருனு பறந்துடுவான். பூட்டுல கோக்கறவன் குனிஞ்சு தேட மாட்டான், இன்னொண்ண எடுத்துப்பான். நூத்துக்கு மூணாவது துள்ளும். அவனப் பெத்தவன் நான், எனக்குத் தெரியாதா?”

ஸ்டோர்காரர் மறுபடி கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை, நான் மட்டும் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். பெஞ்சுகளை நகர்த்திப் பெருக்கினார்களாம். பெஞ்சுக்கு அடியில், சுவரோரத்தில், மெஷின் காலடியில், சாக்கடைச் சல்லடையில், எங்கு பார்த்தாலும் பொடியன்கள். புதியவை பளபளவென்று. அதற்குக் கீழே பழையவை, அதற்கும் கீழே துருப்பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருபத்தாறு வருஷத்துப் பொடியன்கள். நான்கு வாளி என்றார் ஸ்டோர்காரர். அவர் அடக்கமானவர். ஒன்பது வாளி இருந்திருக்கும்.

“அண்ணே,” என்றார் ஸ்டோர்காரர். “அப்ப இவ்வளவு வருஷமா எங்க லைன் ஓடினது…”

“சிட்டிகையில,” என்றார் அக்கா.

போனில் ஸ்டோர்காரர் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. “விளக்கத்தை நானே எழுதிடறேன். ஆனா இந்தப் பட்டியல்ல ‘துள்ளிப் போச்சு’ன்னு ஒரு காரணமே இல்லண்ணே. திருட்டு இருக்கு, உடைசல் இருக்கு, எண்ணிக்கைத் தப்பு இருக்கு…”

“எண்ணிக்கைத் தப்புன்னு போட்டீங்க…” என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரம்மா.

“இல்லம்மா, இல்லம்மா! ‘எங்கள் வேலையில் வீணானது’ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போடறேன்.”

மூன்றாவது தவறு பதியப்படவில்லை. நான்காம் நாள் அடுத்த ஆர்டர் வந்தது. பொடியனின் பதிமூன்று இலக்க எண், ஒரு லட்சம். அதற்குக் கீழே அதே எண்ணோடு இன்னொரு வரி. ‘வீணாவதற்கு ஈடு, மூவாயிரம், தனிப் பெட்டி.’

வீட்டுக்காரம்மா திரையைப் புருஷன் பக்கம் திருப்பினார். கொஞ்சம் பெருமையாகத்தான் திருப்பினார். “பாருங்க. உங்க சிட்டிகைக்கு ஆர்டர் வந்திருக்கு.”

சுருள்காரர் படித்தார். மகிழ்ச்சியில் துள்ளுவார் என்று நினைத்தால் அது நம் தப்பு.

“கொசுறுக்கு ஆர்டர் போட்டுட்டானா?”

“ஆமா. இனிமே தாராளமாப் போடலாம். கேட்டும் தொறக்கும்.”

“கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு கொசுறா? நாளைக்கு அதுலயும் ஒண்ணு கொறஞ்சா, ‘கொசுறு ஏண்டா கொறஞ்சது’ன்னு கேப்பான். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு செய்தி வரும். ஒரு மனுஷன் தானாக் குடுக்கறதுக்கு ஒரு சிட்டிகைகூட மிச்சம் வெக்க மாட்டானுங்களா சார்?”

சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். “இந்த மனுஷனோட இருபத்தேழு வருஷம் சார். எனக்கு ஏதாவது செலைகில வெப்பாங்களா?”

புதிய லோடு கட்டி முடிந்தது. மழை விட்டிருந்தது. பெட்டிகள் கட்டிலில் இருந்து இறங்கின, குடும்பம் கட்டிலுக்குத் திரும்பியது. இருபது பெட்டியும் தராசில் சரியாக நின்றன. இருபத்தோராவது, அந்தத் தனிப் பெட்டி. முப்பது பொட்டலம். வீட்டுக்காரம்மா அதைத் தராசில் வைத்தார். முள் போக வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே நிற்காமல், இன்னும் கொஞ்சம் போனது.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல.”

வீட்டுக்காரம்மா கத்தவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் மேலாக இருந்த சிட்டிகையை எடுத்தார். மூன்று, நான்கு, நான்கு, ஐந்து. மழை விட்ட நாள் அல்லவா? முப்பது பொட்டலத்துச் சிட்டிகையையும் உள்ளங்கையில் குவித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். சுருள்காரர் அங்கே, எதுவும் நடக்காதது மாதிரி, அணைந்த அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையை ஒரு விரலால் இழுத்து, அத்தனையையும் உள்ளே கொட்டினார்.

“இது உங்க மரியாதை. உங்ககிட்டயே இருக்கட்டும். யாரும் நிறுத்துப் பாக்க மாட்டாங்க.”

சுருள்காரர் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் மாடிப்படியில் கிணுகிணுவென்று ஒரு சத்தம் ஏறி வந்தது. வந்தவர் என் மேஜைக்கு முன்னால் நின்று, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, சட்டைப் பையை அதில் கவிழ்த்தார்.

“சார், நீங்க வெச்சுக்குங்க. பூட்டு கீட்டு ரிப்பேருக்கு ஆகும். அங்க எவனுக்கும் வேணாமாம்.”

“எனக்கு எதுக்குங்க இவ்வளவு?”

“இவ்வளவு ஒண்ணும் இல்ல. எண்ணித்தான் எடுத்துட்டு வந்தேன். நூறு.”

அவர் இறங்கிப் போன பிறகு, எனக்கு வேறு வேலை இல்லாததால், விளக்கைப் போட்டுக்கொண்டு ஐந்தைந்தாக எண்ணினேன். நூற்று நான்கு இருந்தது.